நோமுராவின் ஒன்பது கட்டங்கள்: குறிப்பேடு இதுவரை

ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் கேட்ச்சராக 26 பருவங்கள் ஆடியவரும், நான்கு தொழில்முறை அணிகளுக்கு மேனேஜராக இருந்தவருமான நோமுரா கட்சுயா 2020 பிப்ரவரி 11 அன்று, தம் 84ஆம் வயதில் காலமானார். கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போன பொது நினைவுக்கூட்டம் 2021 டிசம்பர் 11 அன்று டோக்கியோவின் ஜிங்கு மைதானத்தில் நடந்தது. ரசிகர்கள் சிலர் அவரது 19ஆம் எண் சட்டையைப் பாதுகாக்கிறார்கள். சிலர் அவருடைய முணுமுணுப்புப் பேச்சுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குப் பிடித்த வழி அவர் செய்த வேலையையே கொஞ்சம் செய்து பார்ப்பது. ஆட்டத்தைப் பார்த்தபடி, விழும் பந்து ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட தாளில் குறித்து, அடுத்த பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே எழுதிப் பார்க்கும் குறிப்பேடு ஒன்றை நடத்தி வருகிறேன். அது இதுவரை எப்படி வளர்ந்தது என்பதே இப்பதிவு.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். விக்கெட் கீப்பர் வந்த பந்தைப் பிடிப்பவர். கேட்ச்சரோ எந்தப் பந்து, எந்த இடத்துக்கு என்று விரல் சைகையால் கேட்டு வாங்குபவர். கியோத்தோ மாநிலத்தின் அமினோ என்னும் கடலோர ஊரில் 1935இல் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையைப் போரில் இழந்து, வறுமையில் வளர்ந்த நோமுரா, 1954இல் தேர்வு ஆட்டம் ஒன்றின் வழியாகத்தான் ஒசாகாவின் நன்காய் ஹாக்ஸ் அணிக்குள் நுழைந்தார். யாரும் விரும்பி அழைத்துச் சேர்த்த வீரர் அல்லர். அங்கிருந்து, கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற 657 ஹோம் ரன்களுக்கும், 1965இன் மும்முடிக்கும் (அடித்தல் சராசரி, ஹோம் ரன், அடித்துச் சேர்த்த ஓட்டம் ஆகிய மூன்றிலும் முதலிடம்) அவர் ஏறியதற்கு உடல்வலுவைவிடக் குறிப்பெடுக்கும் பழக்கமே பெரிய காரணம் என்று எண்ணுகிறேன். அந்த அணியில் செய்தியாளராக இருந்து ஸ்கோரராக மாறிய ஓவாரி ஹிசாத்சுகு என்பவர் இருந்தார். தமக்கு எதிராகப் பந்துவீசுபவர்கள் எந்த வரிசையில் என்னென்ன வீசுகிறார்கள் என்பதை அவரிடம் கேட்டு வாங்கிப் படித்தார் நோமுரா. நிஷிதெத்சு லயன்ஸின் இனாவோ கசுஹிசாவை அடிக்க முடியாமல் தவித்தபோது, அவர் வீசுவதை 16 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கச் செய்து, கையில் பந்து தெரியும் விதத்தை வைத்தே பந்தின் வகையைக் கண்டுகொள்ள முயன்றார்.

குறிப்பேட்டின் முதல் வடிவம் மிக எளியது. ஆட்டக்காரர் வாழ்க்கை 1980இல் முடிந்தபின் தொலைக்காட்சி வர்ணனையாளராக வந்த நோமுரா, ஸ்ட்ரைக் எல்லையை (பேட்டர் அடிக்கக்கூடிய பந்து கடந்துவர வேண்டிய செவ்வகத்தை) மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, அடுத்த பந்து விழவேண்டிய கட்டத்தைத் திரையிலேயே காட்டினார். ‘நோமுரா ஸ்கோப்’ என்று புகழ்பெற்ற அந்த ஒன்பது கட்டங்களையே நானும் பள்ளிக் கணக்கு நோட்டின் சதுரங்களில் வரைந்துகொண்டேன். இடம், வலம் என்று குறிப்பதைத் தவிர்த்து, பேட்டரின் உடலுக்கு அருகே இருப்பதை ‘உள்’ என்றும், தொலைவில் இருப்பதை ‘வெளி’ என்றும் எழுதுகிறேன். இடக்கை ஆட்டக்காரர் வந்தாலும் குறிப்பு மாறாமல் இருக்க இதுவே வசதி. ஒளிபரப்புக் காமிரா பெரும்பாலும் மையக்கோட்டிலிருந்து சற்று விலகியிருப்பதால், ஓரத்துப் பந்துகள் திரையில் உண்மையான இடத்திலிருந்து நகர்ந்தே தெரியும். ஆகவே பந்தைப் பார்ப்பதைவிடக் கேட்ச்சரின் கையுறை எங்கே நின்று எங்கே நகர்ந்தது என்பதைப் பார்த்துக் குறிப்பதே நம்பகமானது.

அடுத்ததாகச் சேர்ந்தது எண்ணிக்கைப் பத்தி. எல்லைக்கு வெளியே போய், பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து ‘பால்’; எல்லைக்குள் வந்ததோ அடிக்க முயன்று தவறியதோ ‘ஸ்ட்ரைக்’. பால் எதுவும் இல்லை, ஸ்ட்ரைக் எதுவும் இல்லை என்னும் நிலையில் தொடங்கி மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் வரை மொத்தம் 12 நிலைகளே உண்டு. யாகுல்ட் ஸ்வாலோஸ் மேனேஜராக இருந்தபோது இந்த 12 நிலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, அப்போது பேட்டரின் மனம் என்ன, பிட்சரின் (பந்துவீசுபவரின்) மனம் என்ன என்று நோமுரா வகுப்பெடுத்தார். வீரர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். 1992, 1993, 1995, 1997 என நான்கு முறை லீக் பட்டத்தையும், அவற்றில் கடைசி மூன்று ஆண்டுகளில் இரு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் ஜப்பான் தொடரையும் அந்த அணி வென்றது. இந்தப் பத்தியைச் சேர்த்த பிறகுதான் என் தாள் பேச ஆரம்பித்தது. வெறும் புள்ளிக் கூட்டமாக இருந்ததில், பிட்சர் பின்தங்கிய நிலைகளில் புள்ளிகள் நடுக்கட்டத்தை நோக்கி நெருங்குவதையும், இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் கீழ் ஓரத்துக்குச் சிதறுவதையும் கண்ணால் பார்க்க முடிந்தது.

ஒன்பது கட்டங்கள் போதாது என்று காட்டியது 1979 ஜப்பான் தொடரின் ஏழாவது ஆட்டம். நவம்பர் 4 அன்று, நோமுரா ஆட்டக்காரராக வளர்ந்த அதே ஒசாகா மைதானத்தில், 4-3 என்று முன்னிலையில் இருந்த ஹிரோஷிமாவுக்காக ஒன்பதாவது இன்னிங்ஸில் எனாத்சு யுத்தாக்கா வீசிய 21 பந்துகளை ஜப்பானில் பேஸ்பால் அறிந்தவர்கள் அனைவரும் அறிவார்கள். எனாத்சுவை இதற்கு முன்பு நன்காய் அணியில் தொடக்கப் பிட்சர் என்னும் நிலையிலிருந்து இறுதிநேரப் பிட்சராக மாறச் சம்மதிக்க வைத்தவர் நோமுராதான். ஆகவே இது அவரது நிழல் விழுந்த இன்னிங்ஸ். அவுட் எதுவும் இல்லாமல் ஓட்டம் எடுக்க ஓடிக் கடக்க வேண்டிய மூன்று பேஸ்களிலும் எதிரணியான கிந்தெத்சுவின் ஆட்கள் நின்ற நிலையில், எனாத்சு முதலில் பேட்டர் சசாக்கியை வீழ்த்தினார். அடுத்து வந்த இஷிவாத்தாவுக்கு வீசிய 19ஆவது பந்தில், மூன்றாம் பேஸிலிருந்து ஆள் பாய்ந்துவர, இஷிவாத்தா மட்டையைக் குறுக்கே நீட்டினார். வளைபந்துக்கான பிடியை மாற்றாமலே எனாத்சு பந்தை எல்லைக்கு வெளியே எறிந்தார். மட்டையில் படவில்லை, ஓடிவந்தவர் சிக்கினார். தொடரையே தீர்மானித்த அந்தப் பந்துக்கு என் தாளில் இடமே இல்லை. எனவே ஒன்பது கட்டங்களைச் சுற்றி ஒரு வரிசையைக் கூட்டி, ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள் ஆக்கினேன். உள்ளே இருப்பவற்றுக்கு நீல மை. வெளி வளையத்துக்குப் பென்சில்.

எந்தக் கட்டத்திலும் அடங்காதவையும் அந்த இன்னிங்ஸில் உண்டு. தமக்குப் பின்னால் வேறு பிட்சர்கள் தயாராவதைக் கண்டு எனாத்சு மனம் கசந்து நின்றபோது, முதல் பேஸில் நின்ற சக வீரர் கினுகாசா நடந்து வந்து அவரிடம் பேசிவிட்டுப் போனார். அதற்காக ஓரத்தில் ஒரு குறிப்புப் பத்தி வைத்திருக்கிறேன். நோமுரா ஆடிய காலத்து ஆட்டங்களைக் குறித்தால் அந்தப் பத்தி நிரம்பி வழியும். பேட்டரின் காதருகே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக் கவனத்தைக் கலைப்பது அவருடைய பேர்போன உத்தி. புகழ்பெற்ற பேட்டர் நாகஷிமாவிடம் மட்டும் அது எடுபடவில்லையாம். சொன்னது எதுவும் அவர் காதில் ஏறினால்தானே!

இப்போது முயன்றுகொண்டிருப்பது பேட்டர்களை வகைப்படுத்தும் பத்தி. நோமுரா அவர்களை நான்காகப் பிரித்தார்: நேர்ப்பந்தை எதிர்பார்த்து நின்று மற்றதைச் சமாளிப்பவர் ஏ; உள்ளா வெளியா என்று ஒன்றைத் தீர்மானித்து நிற்பவர் பி; எந்தப் பக்கம் அடிப்பது என்று தீர்மானிப்பவர் சி; பந்தின் வகையையே ஊகித்து அடிப்பவர் டி. ஆற்றல் போதாதவன் ஊகிக்கத்தான் வேண்டும் என்ற தெளிவோடு அவர் தம்மை டி வகையில் வைத்துக்கொண்டார். இந்த வகைப்பாடு நிலையானதல்ல. ஒரே பேட்டர் இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததும் வகை மாறுகிறார். ஆகவே ஆளுக்கு ஓர் எழுத்து என்றில்லாமல், நிலைக்கு ஓர் எழுத்து என்று எழுதுகிறேன். ஊகம் சரியாவது இன்னும் குறைவுதான்; ஆனால் கட்டம் தவறினாலும் பந்தின் வகை பொருந்துவது முன்பைவிட அதிகம்.

ரசிகர்களின் நினைவுகூரலில் என்னை மிகவும் தொட்டது ஒசாகாவின் நம்பா பகுதியில் நடந்தது. இடிக்கப்பட்ட ஒசாகா மைதானத்தின் இடத்தில் எழுந்த நம்பா பார்க்ஸ் வணிக வளாகத்தில் நன்காய் ஹாக்ஸ் நினைவுக்கூடம் உண்டு. 1977இல் மேனேஜர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட கசப்பினால், அந்த அணியின் தலைசிறந்த ஆட்டக்காரரின் பெயரே அங்கு நெடுங்காலம் இல்லை. அவர் இறந்தபின் முன்னாள் பிட்சர் எமோத்தோ தகேனோரி முன்னெடுக்க, ரசிகர்கள் சிறுகச் சிறுகப் பணம் கொடுத்து, 2021 பிப்ரவரியில் நோமுராவின் பகுதியோடு கூடம் புதுப்பிக்கப்பட்டது. அவர் உயிரோடு இருந்தபோதே இது நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்து எடுக்கவிருப்பது 1995 ஜப்பான் தொடர். எதிரணியான ஓரிக்ஸின் நட்சத்திர பேட்டர் இச்சிரோவுக்கு உட்பக்கமே வீசப்போவதாகத் தொடருக்கு முன் நோமுரா ஊடகங்களில் சொல்லிக்கொண்டே இருந்தார். யாகுல்ட்டின் கேட்ச்சர் ஃபுருத்தா உண்மையில் எந்தக் கட்டங்களைக் கேட்டு வாங்கினார் என்பதை 25 கட்டத் தாளில் பந்து பந்தாகக் குறித்து, அந்தப் பேச்சோடு ஒப்பிட வேண்டும். இச்சிரோவுக்கான தாள்களைத் தனியாக வரைந்து வைத்துவிட்டேன்.