அண்ணனின் சீட்டுக் கணக்கு

ஜூன் 3
ஐசியூவில் ஐந்து நிமிடம் விட்டார்கள். கண் திறக்கவில்லை.

ஜூன் 4
சீட்டுக்காரர்கள் அழைக்கிறார்கள். முதலில் அண்ணனின் உடல்நிலை, பிறகு ஏலத் தேதி. குறை சொல்ல முடியாது, அவர்கள் பணம். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதெல்லாம் அவரே எழுதிய பழைய பிஎச்பி நிரலுக்குள் பூட்டிக் கிடக்கிறது.

ஜூன் 5
நிரலைத் திறந்து பார்த்தேன். எம்கிரிப்ட்! 2007க்குப் பிறகு கவனிப்பாரற்றுப் போன மறைகுறியாக்க நூலகம். 2017இல் பிஎச்பி 7.2 அதைத் தூக்கியே எறிந்துவிட்டது. சாவியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, இரண்டாவது வரியிலேயே இருக்கிறது. அண்ணியின் பெயரும் கல்யாண நாளும். நிரலுக்குள் சாவியை எழுதி வைப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று வரவில்லை.

ஜூன் 7
சாவி இருந்தும் குப்பைதான் வருகிறது. விடிகாலையில் பதிவுகளின் நீளத்தைப் பார்த்தேன். 96, 128, 160 பைட். எல்லாம் 32இன் மடங்கு. வழக்கமான மறைகுறி முறையான ஏஇஎஸ் என்றால் நடுவில் 80, 112 என்று சிலவாவது சிக்க வேண்டும், அதன் பிளாக், அதாவது ஒரு தடவையில் பூட்டும் துண்டு, 16 பைட்தான். எம்கிரிப்டின் ‘ரைன்டால்-256’ முறையில் அந்த 256 சாவியின் அளவு அல்ல, பிளாக்கின் அளவு: 256 பிட், அதாவது 32 பைட். டேமனும் ரைமனும் வடிவமைத்த ரைன்டால் பெரிய பிளாக்கிலும் ஓடும். 2001இல் அமெரிக்கா அதை ஏஇஎஸ் தரமாக்கியபோது 128 பிட் பிளாக்கை மட்டும் எடுத்துக்கொண்டது. ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்துக்கு மற்றது தெரியாது. பிஎச்பிசெக்லிப் நூலகத்துக்குத் தெரியும்.

ஜூன் 8
கண் திறந்தாராம். நான் போவதற்குள் மறுபடி உறக்கம். அண்ணியிடம் எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 9
சாவி 21 எழுத்து. எம்கிரிப்டின் ரைன்டாலுக்கு 16, 24, 32 பைட் என்றுதான் கொடுக்க வேண்டும். பிஎச்பி 5.6க்கு முந்தைய எம்கிரிப்ட் குறைகிற இடத்தில் பூஜ்ய பைட்டை நிரப்பிக்கொண்டு வாயே திறக்காது. நானும் மூன்று பூஜ்யம் சேர்த்தேன். திறந்துவிட்டது!

தொகை, தேதி, தவணை எல்லாம் தெளிவு. முதல் 32 பைட் மட்டும் குழப்பம். பெயர்கள் அங்கேதான். சிபிசி என்ற சங்கிலி முறையில் ஒவ்வொரு பிளாக்கும் முந்தையதோடு எக்ஸார் ஆகித்தான், அதாவது பிட்டுக்குப் பிட் கலந்துதான், திறக்கும். முதல் பிளாக்குக்கு முந்தையது கிடையாது, தொடக்க மதிப்பு வேண்டும். அதைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறார். கோப்பைக் காணவில்லை. பணம் இருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை.

ஜூன் 10
மூச்சுக்குழாய் இன்னும் எடுக்கவில்லை.

ஜூன் 11
எல்லாப் பதிவுக்கும் ஒரே தொடக்க மதிப்பு. பாதுகாப்பு முறைப்படி பெரிய குற்றம், எனக்கோ அதுதான் பிழைக்கும் வழி. ஒரு பதிவின் பெயர் சரியாகத் தெரிந்தால் எக்ஸார் செய்து மதிப்பைக் கறந்துவிடலாம். அதில் என் சீட்டும் உண்டு. தொகையை வைத்து என் வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். என் பெயரை எப்படி எழுதியிருப்பார்? முதலெழுத்தோடா? பள்ளிப் பெயரா, வீட்டுப் பெயரா?

ஜூன் 12
வீட்டுப் பெயர்.

சின்னப் பெயர், 12 பைட்தான் தேறியது. அடுத்த வரியில் ‘சுப்’ வரை வந்து நிற்கிறது. சுப்பிரமணியாக இருக்கலாம், சுப்புலட்சுமியாகவும் இருக்கலாம். சரியாக ஊகித்தால் மற்ற வரிகளிலும் இன்னும் சில எழுத்து தெரியும், அதைக் கொண்டு அடுத்தது. குறுக்கெழுத்துப் போட்டிபோல நகர்கிறது.

ஜூன் 13
26 பைட். அண்ணி இரவு மருத்துவமனையிலேயே தங்குகிறார். ஏலத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி எல்லோருக்கும்