ஒரு மண்டபமும் மூன்று சாவிகளும்

எங்கள் ஊர் பல்நோக்கு மண்டபத்துக்கு மூன்று சாவிகள் இருந்தன. ஒன்று கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரிடம். இன்னொன்றைக் கோயில் திருவிழாவுக்குக் கதிரை வைக்க வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை. மூன்றாவது யாரிடம் என்று இன்றைக்கும் தெரியாது. பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஊரில் ஒரு கற்றல் நிலையம் தொடங்கியது எப்படி என்று அயலூர்ச் சங்கங்கள் என்னிடம் கேட்கும்போது, நான் சாவியிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர் கிழக்கில், சம்பூருக்கு அருகில் இருக்கிறது எங்கள் ஊர். 2006 இல் போரால் இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் என்று முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பிய சனங்கள் நாங்கள். திரும்பிய பிறகு ஒரு தொண்டு நிறுவனம் இந்த மண்டபத்தைக் கட்டி, நாடா வெட்டி, படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு கலியாணமும் ஒரு கண் பரிசோதனை முகாமும் நடந்தன. அதன் பிறகு உள்ளே வௌவால்தான். நான் முன்பள்ளி ஆசிரியை, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர். என் முன்பள்ளியில் படித்த பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தைக் கோட்டைவிட்டு வீட்டில் நிற்பதைப் பார்த்துத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

2024 ஜனவரியில் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்துக்குக் கடிதம் எழுதினோம். வளாகம் நகரத்துக்கு வடக்கே, நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. எங்கள் கடற்கரையில் நின்றால் கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் திருகோணமலை விளக்குகள் தெரியும். ஆனால் தரைவழியாகப் போக கங்கைப் பாலம், கிண்ணியாப் பாலம் எல்லாம் கடந்து, நகரத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். முதல் கடிதத்தில் நான் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். "எமது கிராமத்துக்கு உதவி செய்யுமாறு" என்று எழுதிவிட்டேன். உதவி என்று கேட்டால் பழைய புத்தகப் பெட்டிதான் வரும். ஒரு விரிவுரையாளர் தொலைபேசியில் பேசி, "எங்கள் மாணவர்களுக்கும் களப்பயிற்சி வேண்டும் அக்கா. நீங்கள் என்ன தருவீர்கள், நாங்கள் என்ன தருவோம் என்று இரண்டையும் எழுதுங்கள்" என்றார். இரண்டாவது கடிதத்தில் மண்டபம், மதியச் சாப்பாடு, வீடுவீடாகக் கூட்டிப்போக ஆள் என்று எங்கள் பங்கை முதலில் எழுதினேன். பதில் வந்தது.

அடுத்து, கட்டடம் யாருடையது என்ற கேள்வி. எங்களுடையது என்றது சங்கம். பிரதேச சபைக்குக் கையளித்ததாக நினைவு என்றார் ஓர் உத்தியோகத்தர். கையளித்த பத்திரம் எந்த அலுவலகத்திலும் இல்லை. பத்திரம் இல்லாவிட்டால் மின் இணைப்பு இல்லை. மின்சாரம் இல்லாத இடத்துக்கு யார் கணினி தருவார்கள்? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் பதவிக்காலம் முடிந்திருந்ததால் போய்க் கேட்பதற்குத் தவிசாளரும் இல்லை, எல்லாம் சபைச் செயலாளர் கையில். ஐந்து தடவை அலைந்தேன். கடைசியில், காணிக்கு உரிமை கோராமல் பராமரிப்பை மட்டும் சங்கத்திடம் ஒப்படைக்கும் ஒரு பக்கக் கடிதம் கிடைத்தது. ஆறு வரிதான். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

இதற்குள் மே 2 ஆம் திகதி நாடு முழுவதும் பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பு தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. வளாகத்தோடு நாங்கள் செய்யவிருந்த புரிந்துணர்வு ஒப்பந்தம் அப்படியே கிடந்தது. அதன் பிறகும் அது பல்கலைக்கழகத்தின் தலைமையிடமான வந்தாறுமூலைக்குப் போய் வர வேண்டியிருந்தது. அந்த மாதங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, காத்திருந்தோம்.

தேவை மதிப்பீட்டுக்கு மாணவர்கள் வந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். கையில் நான்கு பக்க வினாக்கொத்து. "தங்கள் இல்லத்தில் இணைய வசதி உண்டா?" என்று தொடங்குகிறது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம் அதை வாசித்தார்கள். அவர் கையைக்கூடத் துடைக்கவில்லை. "பிள்ளை, கணினி பிறகு பார்க்கலாம். வீட்டுக்கு வருகிற கடிதம் சிங்களத்தில் இருந்தால் மூதூர் வரை போய் ஒருவரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அதற்கு என்ன செய்வாய்?" என்றார். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. கடிதம் எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை போலும். அந்தப் பதிலை எழுத வினாக்கொத்தில் கட்டம் இல்லை. ஒரு மாணவி ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

அந்த ஓரக் குறிப்புத்தான் எங்கள் முதல் வகுப்பானது. வளாகத்தில் சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள். அவர்களில் இருவர் சனிக்கிழமைகளில் வந்தார்கள். முதல் நாள் நான்கே சொற்கள்: நம, லிபினய, தினய, அத்சன. பெயர், முகவரி, திகதி, கையொப்பம். எந்தப் படிவத்திலும் இந்த நான்கும் இருக்கும் என்பதால் அவற்றின் வடிவத்தைக் கண்ணில் பதித்தால் போதும் என்றார்கள். இருபது பெண்கள் பழைய படிவங்களைத் தரையில் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது போல விரலால் அந்தச் சொற்களைத் தேடினார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் பதிலுக்குத் தமிழ் எழுத்துப் பழகினார்கள்.

கணித வகுப்பு அவ்வளவு இலகுவாகப் போகவில்லை. பிரயோக விஞ்ஞானப் பீட மாணவர்கள் நன்றாகத்தான் கற்பித்தார்கள். வளாகத்தில் பரீட்சை வந்ததும் மூன்று வாரம் ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் மண்டப வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். நான்காவது வாரம் பாதிப் பேர்தான் வந்தார்கள். பல்கலைக்கழகத்தின் நாட்காட்டி வேறு, ஊரின் நாட்காட்டி வேறு. பிறகு, உயர்தரம் முடித்து நிற்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவரை மாணவர்களோடு இருத்திப் பழக்கினோம். இப்போது பரீட்சைக் காலத்தில் அவர்கள்தான் வகுப்பு எடுக்கிறார்கள். இதை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எழுதுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் வகுப்பு முடியும் நேரத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

சித்த மருத்துவ மாணவர்களின் மூலிகை நாள் ஒன்றும் நடந்தது. ஆடாதோடையைப் பற்றி அவர்கள் சொன்னதைவிட எங்கள் அம்மம்மாக்கள் திருத்தியது அதிகம்.

நிலையம் நிலைத்ததற்கு எது காரணம் என்று கேட்டால், நான் கணினியைச் சொல்ல மாட்டேன். நாங்கள் பூட்டை மாற்றினோம். புதுப் பூட்டுக்கு இரண்டு சாவி: ஒன்று என்னிடம், மற்றது வகுப்பெடுக்கும் ஊர்ப் பிள்ளையிடம். வளாகத்துக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். வரும்போது கதவு திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டோம். மின்கட்டணத்தையும் நாங்களே கட்டுகிறோம், வீட்டுக்கு மாதம் ஐம்பது ரூபாய் சேர்த்து. அது பிந்துகிற மாதங்களும் உண்டு.

போன மாதம் புது அணி மாணவர்கள் வந்தார்கள். கையில் அதே நான்கு பக்க வினாக்கொத்து. பெரியம்மா அதை வாங்கி, புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "போன முறையும் இதே கேள்விதானே தம்பி. அதற்கு நாங்கள் சொன்ன பதிலைக் கொண்டுவந்தீர்களா?"