பதினாறு ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் வைத்த கதை

புது மெயில் சர்வர் ஓட ஆரம்பித்த மறுநாளே ஜிமெயிலுக்குப் போன மெயில் எல்லாம் திரும்பி வந்தது. அனுப்பும் ஐபிக்கு பிடிஆர் ரெக்கார்டு (ஐபி எண்ணைக் கேட்டால் பெயரைச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவு) இல்லை என்று காரணமும் அதிலேயே இருந்தது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கறார். ஐபியைக் கேட்டால் ஒரு பெயர் வர வேண்டும், அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும்.

எங்களுடையது ஸ்லாஷ் 28 என்ற அளவிலான ஐபி தொகுதி, மொத்தம் பதினாறு முகவரி. மாதிரிக்கு 203.0.113.64 முதல் 79 வரை என்று வைத்துக்கொள்வோம். சரி, ஒரு ஸோன் ஃபைல் (டிஎன்எஸ்ஸின் ஒரு பகுதிக்கான பதிவுகள் இருக்கும் கோப்பு) எழுதினால் போதும் என்று, பைண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருள் ஓடும் எங்கள் சர்வரிலேயே, ஐபி எண்களைத் திருப்பிப் போட்டு 113.0.203.இன்-ஆடர்.ஆர்ப்பா என்று ஒன்றை உருவாக்கி, டிஎன்எஸ்ஸிடம் கேட்கும் டிக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், பெயர் அழகாக வந்தது. வீட்டுக்குப் போய் கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வரான 8.8.8.8-இடம் கேட்டால் ஒன்றுமே இல்லை. என் சர்வர் தனக்குத் தெரிந்ததைத் தன்னிடம் கேட்பவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது, வெளி உலகம் அதனிடம் வந்து கேட்கவே வழியில்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறோம். டொமைன் நம்முடையது, ஆனால் ரிவர்ஸ் ஸோன் ஐபியைக் கொடுத்தவருடையது. அவர் ஒப்படைத்தால்தான் நம் கைக்கு வரும். அதிலும் டிஎன்எஸ்ஸில் பிரிப்பது புள்ளி இருக்கும் இடத்தில்தான், ஸ்லாஷ் 28 கடைசி எண்ணுக்கு நடுவில் போய் விழுகிறது. இதற்கு 1998-லேயே ஆர்எஃப்சி 2317 என்ற இணைய வழிகாட்டு ஆவணம் வழி சொல்லிவிட்டது: இணைப்பு தரும் நிறுவனம் தன் ஸோனில் 64-79 என்று ஒரு துணை ஸோன் வைத்து அதை நம் நேம்சர்வருக்கு டெலிகேட் செய்ய வேண்டும் (ஒப்படைக்க வேண்டும்), அப்புறம் பதினாறு எண்ணுக்கும் தனித்தனி சி-நேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் காட்டும் பதிவு) போட்டு அந்தத் துணை ஸோனுக்குள் காட்ட வேண்டும். எங்களுக்கு இணைப்பு தந்தவர்கள் டெலிகேட் செய்துவிட்டு சி-நேமை மறந்துவிட்டார்கள், அதைப் புரியவைக்க மூன்று மெயில் ஆனது. நீங்கள் கேட்கும்போது இரண்டையும் ஒரே மெயிலில், ரெக்கார்டு வரிகளோடு எழுதிக் கொடுங்கள். இரண்டே சர்வர் என்றால் இதெல்லாம் தேவையில்லை, பிடிஆரை அவர்களையே போடச் சொல்லிவிடலாம்.

எல்லாம் முடிந்து ஐபியைக் கேட்டபோது டிஎன்எஸ்ஸிலிருந்து வந்த பதில் இது:

மெயில்.எக்ஸாம்பிள்.காம்.64-79.113.0.203.இன்-ஆடர்.ஆர்ப்பா

என் ஸோன் ஃபைலில் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்! புள்ளி இல்லாவிட்டால் பைண்ட் ஸோன் பெயரையும் சேர்த்து ஒட்டிவிடும். புள்ளியை வைத்தேன், ஃபைல் மாறியதைக் காட்டும் சீரியல் நம்பரை ஒன்று கூட்டினேன், ரீலோட் செய்தேன். வீட்டிலிருந்து மறுபடி கேட்டபோது மெயில் சர்வர் பெயர் மட்டும் சுத்தமாக வந்தது, முதல் மெயிலும் அன்றிரவே போய்ச் சேர்ந்தது.