இன் டைமும் ஆன் டைமும்

நேற்று மகள் கேட்டாள்: "அப்பா, இங்கே 'இன் டைம்' வருமா, 'ஆன் டைம்' வருமா?"

நல்ல கேள்வி. இரண்டையுமே நாம் 'நேரத்துக்கு' என்று சொல்லிவிடுகிறோம். பத்து மணிக் கூட்டத்துக்குப் பத்து மணிக்கே போய் உட்கார்ந்தால் 'ஆன் டைம்'. குறித்த நேரம் பிசகவில்லை, அவ்வளவுதான். குழந்தை படியிலிருந்து விழப்போகிறது, ஓடிப்போய்ப் பிடித்துவிட்டோம் என்றால் 'இன் டைம்'. அங்கே யாரும் நேரம் குறித்து வைக்கவில்லை. கெடுதல் நடப்பதற்குள் போனோமா என்பதுதான் விஷயம்.

சிக்கலுக்குக் காரணம் நம் ஏழாம் வேற்றுமை என்று நினைக்கிறேன். பெட்டியில், மேசையில், வாசலில் என எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்' போதும். ஆங்கிலம் அதையே இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒரு நண்பர் 'ஐ ஆம் இன் தி வே' என்று செய்தி அனுப்பியிருந்தார். வழியில் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தார், பாவம். அதற்கு 'ஆன் தி வே' வேண்டும். அவர் எழுதியதற்கு 'குறுக்கே நிற்கிறேன்' என்றுதான் பொருள்.

அப்புறம் 'அட் தி எண்ட்', 'இன் தி எண்ட்'. முன்னது மாதக் கடைசி, தெருக்கோடி மாதிரி ஒன்றின் முடிவைக் காட்டும். பின்னது, வேலையை விடலாமா என்று மாதக்கணக்கில் யோசித்துவிட்டு, 'கடைசியில் விடவில்லை' என்கிறோமே, அந்தக் கடைசி.

மகளிடம் விதி எதுவும் சொல்லவில்லை. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லிப் பார்த்தோம். அவளுடையது: "மழைக்கு முன்னே துணியை எடுத்துட்டேன், இன் டைம்!"