பதில் வராத மாதங்களில் எழுதிக்கொண்டிருந்தது

நாவல் ஒருவழியாக முடிந்து, பதிப்பக ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. முதல் வரைவு பற்றிச் சொல்ல அதிகமில்லை. எழுதுகிறவர்களுக்கு அது தெரிந்த பாடுதான். நடுவில் எழுத்தே வேண்டாம் என்று தோன்றவைத்தவை சில உண்டு. அவற்றை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

முதலில் அணுகிய பதிப்பகத்தில் "அனுப்புங்க சார், பார்க்கிறோம்" என்றார்கள். அனுப்பினேன். அப்புறம் மாதக்கணக்கில் பேச்சு மூச்சு இல்லை. நானாகப் ஃபோன் செய்தால், "ஆசிரியர் பார்வையில இருக்கு" என்ற ஒரே பதில். ஒருநாள் வேறொருவர் எடுத்தார். "நீங்க அனுப்பினது யூனிகோடுல இருக்கு சார். எங்க லேஅவுட் மென்பொருள்ல வராது. பழைய எழுத்துருவுக்கு மாத்தி அனுப்புங்க" என்றார். (யூனிகோடு என்பது இன்று கணினியிலும் ஃபோனிலும் பொதுவாகப் புழங்கும் எழுத்துக் குறியீட்டு முறை.) அப்படியென்றால் இத்தனை மாதமும் ஒருவர்கூடக் கோப்பைத் திறக்கவில்லை. சரி என்று மாற்றினால், கொம்பும் காலும் இடம் மாறி 'கொ', 'கோ' வருகிற சொற்களெல்லாம் உடைந்து கிடந்தன. ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தில் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகள். ஒவ்வொரு பக்கமாக உட்கார்ந்து திருத்தி அனுப்பினேன். இந்த முறை பதில் சீக்கிரமே வந்தது: "தற்சமயம் நாவல் வெளியிடும் திட்டம் இல்லை."

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அழுது தீர்த்துவிட்டு எழுந்துவிடலாம். சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் ஆளை அரிக்கிறது. அந்த மாதங்களில் ஒரு வரி எழுத உட்கார்ந்தாலும், 'முதலில் அதற்குப் பதில் வரட்டும்' என்று மனம் முரண்டு பிடித்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் பட்டபாடு படிக்கக் கிடைத்தது. 1803ல் ஒரு பதிப்பாளர் அவருடைய நாவலை 10 பவுண்டுக்கு வாங்கி, அச்சிடாமலே வைத்துக்கொண்டார். 1809ல் ஆஸ்டின் கடிதம் எழுதிக் கேட்டபோது, அதே தொகையைக் கொடுத்தால் திருப்பித் தருகிறேன் என்று பதில் வந்தது. மீட்டது 1816ல். அது புத்தகமாக வந்தபோது அவர் உயிரோடு இல்லை. ஆனால் 1811க்கும் 1815க்கும் இடையில் அவருடைய வேறு நான்கு நாவல்கள் வெளிவந்துவிட்டன! சிக்கிக்கொண்ட கையெழுத்துப் பிரதியோடு அவரும் சிக்கிக்கொண்டு உட்காரவில்லை. இது என்னை உலுக்கியது. அன்று இரவே அடுத்த கதைக்கு ஒரு நோட்டுப் போட்டேன்.

அதன்பிறகு எதை அனுப்பினாலும் மூன்று விஷயங்களை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: எந்த எழுத்துரு வேண்டும், பதில் சொல்ல எவ்வளவு காலம் ஆகும், அதுவரை வேறு இடத்துக்கு அனுப்பலாமா. அவர்கள் சொன்ன கெடு தாண்டினால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், 'திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று இரண்டு வரி எழுதிவிட்டு அடுத்த இடம். அந்த இரண்டு வரியை முதன்முதலாக அனுப்பிய அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த இடி, திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது. மின்னஞ்சலில் இருந்த பிரதி திருத்தத்துக்கு முந்தையது. பழுது பார்ப்பவர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் எழுதிய நூலின் முதல் தொகுதியின் கையெழுத்துப் பிரதி 1835ல் நண்பரிடம் இருந்தபோது எரிந்துபோனதும், அவர் அதைத் திரும்ப எழுதியதும் பலர் அறிந்த கதை. அதைச் சொல்லித்தான் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அப்போது அது எரிச்சலாகத்தான் இருந்தது.

பிறகு கைகொடுத்தது வெறும் காகிதம். அத்தியாயத்துக்கு ஒரு வரி வீதம் நினைவில் இருந்ததை எழுதினேன். உரையாடல்கள் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்தன. வர்ணனைகள் வரவில்லை. பூட்டிய வீட்டு வாசலில் அக்காவும் தம்பியும் சாவிக்காகக் காத்திருக்கும் காட்சி முன்பு நீளமாக இருந்தது. இப்போது அவர்கள் பேசிக்கொள்வது மட்டும்தான் இருக்கிறது. இதுவே மேல். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. அப்பா ஊரை விட்டுக் கிளம்பும் அத்தியாயம் தொலைந்துபோன வடிவத்தில்தான் நன்றாக இருந்தது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஜுரம், அலுவலகத்தில் கூடுதல் வேலை, "எழுதி எழுதி என்னத்தக் கண்ட?" என்கிற சித்தப்பா, இவையெல்லாம் தனி. இந்த நாட்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எழுதிவிட்டு மேசையை விட்டு எழுந்திருக்கும்போது அடுத்து வரவேண்டிய வரியை அரைகுறையாகவாவது குறித்துவிடுவது. களைத்து வந்து உட்கார்ந்தால் அந்த வரியை முடித்தால் போதும் என்று ஆரம்பிக்கலாம். சில நாள் அதோடு நிற்கும், சில நாள் பக்கம் ஓடும். அதுவும் முடியாத நாளில், முந்தைய பக்கத்தைச் சத்தமாகப் படித்து ஒரு சொல்லையாவது மாற்றுவேன். கதை விட்டுப்போகாமல் இருக்க அது போதுமானதாக இருந்தது.

இப்போது ஒப்பந்தம் செய்திருக்கும் இடத்தில் யூனிகோடு கோப்பையே வாங்கிக்கொண்டார்கள். மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்கும் பிரதி, வரும் என்று தேதி சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தேதிவரை சும்மா இருக்கப் போவதில்லை. நோட்டில் தொடங்கிய கதை மூன்றாவது அத்தியாயத்துக்கு வந்திருக்கிறது.