மணலில் சுட்ட நிழல்

பாரிஸில் மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன ஃபோபூர் சேன்-அந்துவான் பகுதியின் சீரமைப்புப் பட்டறை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கண்ணாடிப் பேழை ஒன்று பழுதுபார்க்க வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வித்ரீன் என்பார்கள். பதினைந்தாம் லூயி பாணியில் இருந்தாலும், அந்த மன்னர் 1774-இல் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழித்து அந்தப் பாணியைப் பார்த்துச் செய்யப்பட்டது. பக்கங்களில் வளைந்த கண்ணாடி, கால்களில் பொன்முலாம் பூசிய வெண்கல வார்ப்பு, கதவின் கீழ்ப்பாதியில் பல மரங்களை இழைத்துப் பதித்த பூங்கொத்து. பின்புலத்தில் இருந்தது, புவா த வியோலெத் என்னும் ஊதாச் சாயலுள்ள பிரேசில் மரம்; நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளி முறை.

புதுச்சேரியில் அப்பாவின் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால், மரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு அப்போது இருந்தது. பழைய மெழுகைத் துடைத்தெடுப்பதுதான் எனக்கு இட்ட வேலை. இலை ஒன்றின் ஓரத்தில் படிந்திருந்த பழுப்புக் கறை துணிக்கு மசியாததால், நுண்ணிய உப்புத்தாளை எடுத்து நான்கு இழுப்பு இழுத்தேன். கறை போயிற்று, கூடவே இலையின் மடிப்பும் போய், வெட்டி ஒட்டிய காகிதம்போல் தட்டையாகிவிட்டது.

பட்டறைத் தலைவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. “இந்தப் பூங்கொத்துக்கு வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, சொல்லுங்கள்” என்றார். அப்போதுதான் கவனித்தேன்: எல்லா இலைகளிலும் இதழ்களிலும் பழுப்பு வலப்பக்கத்திலேயே இருந்தது. அது அழுக்கல்ல, நிழல்.

மறுநாள் அவர் இரும்புச் சட்டியில் சன்ன மணலைச் சூடாக்கி, வெளிர் நிறச் சிகமோர்த் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து அதன் ஓரத்தை மணலில் செருகினார். அடிமணலில் சூடு அதிகம், மேலே குறைவு. அதனால் விளிம்பு கருத்து, மேலேறும்போது பழுப்பாகி, பிறகு மரத்தின் நிறத்தோடு கலந்துவிடுகிறது. தூரிகையால் இந்தத் தேய்வு வராது. ஒரு நொடி தாமதித்தால் கரி; சரியாகச் சுட்டாலும் ஈரம் வற்றி மரம் சுருங்குவதால், விரலை நனைத்துத் தடவி, அது பழைய அளவுக்கு விரியும்வரை காத்திருக்க வேண்டும். நான் ஒரு கைப்பிடித் துண்டுகளையாவது கரியாக்கியிருப்பேன்.

நான் கெடுத்த இலையை எடுப்பது அவ்வளவு சிரமமாக இல்லை, ஒட்டியிருந்தது வச்சிரம் என்னும் விலங்குப் பசை என்பதால். சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும் அந்தப் பசையைத்தான், ஆயுளுக்கும் பெயராத பசைகள் வந்த பின்பும், இந்தத் தொழிலில் விரும்புகிறார்கள். அப்பா அதைக் காய்ச்சும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவன் நான்.

புதிய இலையின் நிறத்தில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது. சாவித்துளையின் வெண்கலத் தகட்டைக் கழற்றியபோது, வெளிச்சமே படாத அந்த இடத்தில் ஊதா நிறம் இன்றுதான் அறுத்ததுபோல் இருந்தது. அந்தப் பொலிவுக்கு ஏற்ப இலையையும் அமைக்கலாமே என்றேன். சுற்றியுள்ள மரம் வெளுத்த அளவுக்குத்தான் இலையும் வெளுத்திருக்க வேண்டும் என்றார் அவர். அவர் சொன்னதே சரி. நிறத்தை மட்டுப்படுத்திப் பதித்து, மேலே அவலரக்குப் பாலீஷ் ஏற்றினேன்.

கழற்றிய இலையை எறியவிடாமல் உறையிலிட்டு, தேதியும் காரணமும் என் கையாலேயே எழுதச் சொல்லி, பேழையின் கோப்பில் வைத்தார். உப்புத்தாளின் நான்கு கீறல்களும் அதில் தெரிந்தன.