கடைசிச் சொல்லிலிருந்து திருத்துங்கள்

செய்தியை எழுதி முடித்த கையோடு மேலிருந்து வாசித்தால் பிழை கண்ணில் படாது. எழுத நினைத்ததைத்தான் வாசிப்போம். அதனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் முதலில் கடைசியில் நிற்கும் வினைமுற்றைப் பிடியுங்கள். பிறகு, இது யார் செய்த வேலை என்று பின்னோக்கித் தேடுங்கள்.

‘கடற்படையினர் நேற்று மாலை புல்மோட்டைக் கடலில் தடைசெய்யப்பட்ட வலைகளுடன் சென்ற படகுகளைக் கைப்பற்றியது.’ படையினர் என்றால் கைப்பற்றினர். கடற்படை என்றால்தான் கைப்பற்றியது. எழுவாயும் வினையும் தூரப் போனாலே இந்தப் பிழை நுழைந்துவிடும்.

‘நிலாவெளியில் காணாமல்போன மீனவரின் படகு மீட்பு.’ காணாமல்போனது மீனவரா, படகா? ‘காணாமல்போன’ போன்ற பெயரெச்சம் பக்கத்துப் பெயரையும் பிடிக்கும், அதைத் தாண்டி அடுத்ததையும் பிடிக்கும். வீட்டார் வாசிக்கும் செய்தி இது. ‘படகு மீட்பு, மீனவரைத் தேடும் பணி தொடர்கிறது’ என்று பிரித்துப் போடுங்கள்.

நீதிமன்றச் செய்தியில் இலக்கணம் சரியாக இருந்தும் சொல் கழுத்தறுக்கும். நீதவான் நீதிமன்றத்தில் இருப்பவர் நீதவான். மேல் நீதிமன்றத்தில் நீதிபதி. விளக்கமறியல் என்பது வழக்கு முடியுமுன் தடுத்துவைப்பது, தண்டனை அல்ல. அதை ‘14 நாள் சிறை’ என்று தலைப்பிட்டால் தீர்ப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள். பிணையில் போனவருக்கு வெறுமனே ‘விடுதலை’ என்று போடாதீர்கள், வழக்கு முடியவில்லை. ஊரே கொலைகாரன் என்றாலும் கைதானவர் உங்களுக்குச் சந்தேகநபர்தான்.

விபத்துச் செய்தியில் ‘உட்பட’வைக் கவனியுங்கள். ‘சாரதி உட்பட நால்வர் காயம்’ என்றால் மொத்தம் 4 பேர். ‘சாரதியும் மேலும் நால்வரும்’ என்றால் 5.

ஒற்றுக்கு நன்னூல் முழுவதும் வேண்டாம். ‘ஐ’, ‘கு’ உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: வலையைக் கைப்பற்றினர், கிண்ணியாவுக்குச் சென்றார். ‘சென்ற படகு’ போன்ற பெயரெச்சத்தில் மிகாது. வினையெச்சம் ‘த்து’ என்று முடிந்தால் மிகும்: எடுத்துச் சென்றார். ‘ந்து’ என்று முடிந்தால் மிகாது: வந்து சென்றார். செய்தியறையில் பாதிச் சண்டை இதோடு தீரும்.

திருகோணமலை, திருக்கோணமலை இரண்டும் வழக்கில் உண்டு. ஒன்றை முடிவுசெய்து கடைசிவரை அதையே எழுதுங்கள். ஆட்பெயரில் அந்தச் சுதந்திரம் இல்லை. றிஸ்வானை ரிஸ்வான் ஆக்க நமக்கு உரிமையில்லை. சந்தேகமென்றால் பக்கம் அச்சுக்குப் போகுமுன் அவருக்கே ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.